ஃபார்மட் அடிக்கும் முன்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, இந்திய நேரம் காலை 9:39. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் ஃபால்கன் மென்பொருள் ஓடும் விண்டோஸ் கணினிகளுக்கு வழக்கமான அப்டேட் ஒன்றை அனுப்பியது. அதை வாங்கிக்கொண்ட கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன. தாமாகவே ரீஸ்டார்ட் ஆகி, மறுபடி அதே நீலத் திரையில் போய் விழுந்தன. தவறு தெரிந்து 10:57-க்கு அப்டேட்டைத் திரும்பப் பெற்றார்கள். அந்த 78 நிமிடத்துக்குள், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டன. பல நாடுகளில் விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. இந்திய விமான நிலையங்களில் சில பயணிகளின் கையில் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸைக் கொடுத்து அனுப்பினார்கள்.

நடந்த பிசகு சிறியது. ஃபால்கனின் அந்தப் பகுதி 21 தகவல்களை எதிர்பார்க்கும்படி வரையறுக்கப்பட்டிருந்தது. அதற்குக் கொடுக்கப்பட்டதோ 20. இல்லாத 21-ஆவதைத் தேடி, நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்தை நிரல் படிக்கப் போனது. சாதாரண மென்பொருள் இப்படித் தவறினால் அது மட்டும் மூடிக்கொள்ளும். ஃபால்கனின் இந்தப் பகுதி ஓடுவது கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் கருவில். அங்கே ஒரு நிரல் எல்லை மீறினால், மேற்கொண்டு சேதம் வராமலிருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும்.

அன்று நின்றுபோன கணினிகளில் விண்டோஸ் கெடவில்லை, ஹார்டு டிஸ்க் கெடவில்லை, பயனர்களின் ஃபைல்களும் அப்படியே இருந்தன. சேஃப் மோடில் நுழைந்து, டிரைவர்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் ‘சி-00000291’ என்று தொடங்கும் ஒரே ஒரு ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்குத் தேவையான குறைந்தபட்ச டிரைவர்களை மட்டுமே ஏற்றும். ஃபால்கன் அந்தப் பட்டியலில் இல்லாததால் தடையில்லாமல் உள்ளே போக முடிந்தது.

ஆனால் பல அலுவலகங்களில் அந்த ஒரு ஃபைலிடம் போய்ச் சேர்வதே பெரும்பாடாகிவிட்டது. டிஸ்க் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்ததால், கணினி 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. சாவி இல்லாதவர்கள், இரண்டு நிமிட வேலைக்கு மணிக்கணக்கில் காத்திருந்தார்கள்.

‘கம்ப்யூட்டர் உள்ளே போகவில்லை’ என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம். இயங்குதளமே தொடங்காமல் இருக்கலாம். தொடங்கியும், கணினி உங்களை அடையாளம் காணாமல் இருக்கலாம். அடையாளம் கண்டும், உங்கள் தரவைத் திறக்கும் சாவி அதனிடம் இல்லாமல் இருக்கலாம். ஃபார்மட் அடித்து ஓ.எஸ். போடுவது முதல் கோளாறுக்கு மட்டுமே மருந்து. மற்ற இரண்டுக்கும் அதைக் கொடுத்தால் நோய் முற்றும்.

எந்தக் கட்டத்தில் நின்றது?

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் விழிப்பது மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபெர்ம்வேர். பழையவற்றில் அது பயாஸ், இப்போது யு.இ.எஃப்.ஐ. அது ரேம், கீபோர்டு, டிஸ்க் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, டிஸ்க்கில் இருக்கும் பூட் லோடரைத் தேடி எடுக்கும். பூட் லோடர் கெர்னலை ஏற்றும். கெர்னல் டிரைவர்களை ஏற்றும். அதன் பிறகே நுழைவுத் திரை வரும். நீங்கள் நுழைந்ததும் உங்களுக்கான அமைப்புகளும் டெஸ்க்டாப்பும் எழும்பும்.

எங்கே நின்றது என்பதைத் திரையே சொல்லிவிடும். கம்பெனி லோகோகூட வரவில்லை என்றால் அது ரேம், மதர்போர்டு, டிஸ்பிளே சார்ந்தது. அங்கே எந்த ஓ.எஸ். போட்டும் பயனில்லை. லோகோ வந்தபின் ‘பூட் செய்யத்தக்க சாதனம் இல்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தால், டிஸ்க்கோ பூட் லோடரோ கிடைக்கவில்லை. அப்போது முதலில் யு.இ.எஃப்.ஐ. அமைப்புக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியவில்லையென்றால் அது வன்பொருள் கோளாறு. தெரிந்தால் பூட் லோடரை மட்டும் திரும்ப எழுதினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விண்டோஸ் லோகோவுக்குக் கீழே புள்ளிகள் சுற்றி, அங்கேயே நீலத் திரை வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். கிரவுட்ஸ்ட்ரைக் விபத்து இந்தக் கட்டத்தில் நடந்தது.

அடுத்தடுத்துச் சில முறை தொடங்கத் தவறினால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். நுழைவுத் திரை வரை வருகிறதென்றால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினாலும் அங்கே போகலாம். கடைசி அப்டேட்டை நீக்குதல், முந்தைய நாளின் அமைப்புக்குத் திரும்புதல், சேஃப் மோட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஃபைல்கள் அவசரம் என்றால், உபுன்டு லினக்ஸ் போட்ட பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, எதையும் நிறுவாமலே அவற்றை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம்.

நிறுவும்போது வரும் முட்டுக்கட்டைகள்

டிஸ்க் புதிது, அல்லது வைரஸ் வந்த கணினி, அல்லது இன்னொருவருக்கு விற்கப்போகிறோம். இப்படி மறுநிறுவலே சரியான வழியாக இருக்கும் சமயங்களும் உண்டு. அப்போதும் சில இடங்களில் வண்டி நிற்கும்.

இன்டெலின் 11-ஆம் தலைமுறைச் சில்லும் அதற்குப் பிந்தையவையும் உள்ள பல லேப்டாப்களில், விண்டோஸ் நிறுவும் திரையில் டிஸ்க்குகளின் பட்டியல் காலியாக இருக்கும். உடனே எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கே வி.எம்.டி. என்ற இன்டெல் நிர்வாக அடுக்கு டிஸ்க்குக்கும் விண்டோஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அதன் டிரைவர் நிறுவும் பென்டிரைவில் இருக்காது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை எடுத்து, பென்டிரைவில் போட்டு, ‘லோடு டிரைவர்’ என்ற பட்டனில் காட்டினால் டிஸ்க் தலைகாட்டும்.

அடுத்தது, டிஸ்க் தெரிந்தும் ‘இதில் நிறுவ முடியாது’ என்ற மறுப்பு. ஐ.பி.எம். 1983-இல் ஹார்டு டிஸ்க்கோடு எக்ஸ்.டி. கணினியைக் கொண்டுவந்த காலத்து எம்.பி.ஆர். முறையில், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் எல்லாம் அடங்கும். தொடக்க நிரலுக்கு 446 பைட், நான்கு பார்ட்டிஷன்களுக்குத் தலா 16 பைட், கடைசியில் அடையாள முத்திரைக்கு 2 பைட். அந்த 16 பைட்டுக்குள் பார்ட்டிஷனின் அளவைக் குறிக்க 32 பிட்தான் இடம். அதனால் 512 பைட் செக்டர்களில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்கிய விண்டோஸ், புதிய ஜி.பி.டி. முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கையே ஏற்கும். பழைய டிஸ்க்கில் தரவு இருந்தால் அதை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பிறகு முறையை மாற்ற வேண்டும்.

இன்னொன்று பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். பாதி நிறுவல் முடிந்து கணினி ரீஸ்டார்ட் ஆகும். மறுபடி மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் திரையே வரும். மறுபடி நிறுவினால் மறுபடி அதே திரை. பூட் வரிசையில் பென்டிரைவ் முதலில் இருப்பதால் கணினி ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்குகிறது. முதல் ரீஸ்டார்ட்டின்போது பென்டிரைவைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது.

ஃபைல்கள் நகலாகும்போது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவீதத்தில் நிறுவல் நின்றால், ரேமையும் பென்டிரைவையும் சோதிக்க வேண்டும். ரேமில் ஒரு மூலை கெட்டிருந்தால், எந்தத் தரவு அங்கே போய் விழுகிறதோ அது கெடும். அதனால்தான் பிழை இடம் மாறிக்கொண்டே இருக்கிறது.

ஃபார்மட் என்ற செயலையும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். பழைய ஹார்டு டிஸ்க்கில் ‘குவிக் ஃபார்மட்’ செய்தால், எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் புதிதாகும். ஃபைல்களின் உள்ளடக்கம் தட்டில் அப்படியே கிடக்கும், மேலே வேறு ஏதும் எழுதப்படும் வரை மீட்டுவிடலாம். எஸ்.எஸ்.டி.யில் கதை வேறு. ஃபார்மட் செய்யும்போது விண்டோஸ், ‘இந்த இடமெல்லாம் இனி வேண்டாம்’ என்று டிரிம் என்ற கட்டளையை டிஸ்க்குக்கு அனுப்பும். டிஸ்க்குக்குள் இருக்கும் கன்ட்ரோலர், தனக்கு ஓய்வு கிடைத்தபோது அந்தச் செல்களை உண்மையாகவே அழித்துவிடும். ‘அப்புறம் ரெக்கவரி போட்டு எடுத்துக்கலாம்’ என்று ஹார்டு டிஸ்க் காலத்தில் சொன்னதை நம்பி எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்யக் கூடாது.

பழைய பெயர், புதிய ஆள்

மறுநிறுவல் முடிந்தது. பழைய டிஸ்க்கை இணைத்து, அதில் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கப் போனால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்கிறது கணினி. அதே பெயர், அதே கடவுச்சொல், அதே ஆள். எதை வைத்து மறுக்கிறது?

ஊரில் பத்து முருகன் இருந்தாலும் பட்டாவில் எண் வைத்துத்தான் பேசுவார்கள். விண்டோஸும் அப்படித்தான். பயனர் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ‘எஸ்-1-5-21’ என்று தொடங்கும் நீண்ட அடையாள எண் உண்டு. அதன் நடுவில் மூன்று பெரிய எண்கள் வரும். அவை அந்த நிறுவலுக்கே உரியவை, நிறுவும்போது தற்செயலாக உருவாகின்றவை. கடைசி எண் அந்தக் கணினிக்குள் உங்களுக்கு மட்டும் உரியது. உள்ளமைந்த நிர்வாகிக்கு எப்போதும் 500, சாதாரணப் பயனர்களுக்கு ஆயிரத்திலிருந்து தொடங்கும் எண்கள். ஒரு ஃபைலை யார் திறக்கலாம் என்ற பட்டியலில் விண்டோஸ் எழுதிவைப்பது இந்த எண்ணையே. பெயர் திரையில் காட்டுவதற்கு மட்டும்.

புதிதாக நிறுவும்போது நடுவிலுள்ள மூன்று எண்களும் மாறிவிடும். நீங்கள் அதே பெயரில் கணக்கு திறந்தாலும் கணினிக்கு நீங்கள் புது ஆள். அந்தப் பழைய ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு செய்து, செக்யூரிட்டி பகுதியைத் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அறியாத கணக்கு’ என்ற ஆங்கிலச் சொல்லும் பக்கத்தில் அந்த நீண்ட எண்ணும் தெரியும். அது பழைய நீங்கள். நிர்வாகி உரிமையுள்ள கணக்கில் நுழைந்து, அங்கேயே உரிமையாளரை மாற்றிக்கொண்டால் ஃபோல்டர் திறக்கும்.

லினக்ஸில் இந்த எண் சிறியது. உபுன்டு, டெபியன் போன்றவற்றில் முதலில் உருவாக்கும் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. ஹோம் என்ற பார்ட்டிஷனைத் தனியாக வைத்திருந்தவர்கள், மறுநிறுவலுக்குப் பிறகும் ஒன்றுமே நடக்காததுபோல் வேலையைத் தொடர்வது இதனால்தான். புதிய பயனருக்கும் அதே 1000 கிடைத்துவிடுகிறது. ஆனால் வீட்டில் இருவர் பயன்படுத்திய கணினியில் இந்த முறை தம்பியின் கணக்கை முதலில் திறந்துவிட்டால், அண்ணனின் ஃபைல்களுக்கெல்லாம் தம்பி உரிமையாளர் ஆகிவிடுவார்.

நுழைவுத் திரையில்

கணினியில் கடவுச்சொல் வந்த கதை 1961-இல் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. அங்கே ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிரும் சி.டி.எஸ்.எஸ். என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். ஒருவர் ஃபைலை இன்னொருவர் தொடாமலிருக்கக் கடவுச்சொல் வைத்தார்கள். எல்லாக் கடவுச்சொற்களும் ஒரே ஃபைலில், உள்ளபடியே எழுதப்பட்டிருந்தன. 1960-களில் ஒரு நாள், அந்தக் கணினியில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்தக் கடவுச்சொல் பட்டியலும் அச்சாகி வந்தது. எடிட்டர் மென்பொருள் எல்லோருக்கும் ஒரே பெயரில் தற்காலிக ஃபைல் வைத்துக்கொண்டது. ஒரே சமயத்தில் அறிவிப்பையும் கடவுச்சொல் பட்டியலையும் திருத்தப் போக, இரண்டும் இடம் மாறிவிட்டன.

ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸில் கையாண்ட தீர்வை 1979-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். கடவுச்சொல்லை வைத்திருக்கவே வேண்டாம். அதை ஒரு கணக்கில் போட்டுக் கிடைக்கும் விடையை மட்டும் வைத்தால் போதும். விடையிலிருந்து கடவுச்சொல்லுக்குத் திரும்பிப் போக முடியாதபடி கணக்கு அமைந்திருக்கும். நீங்கள் தட்டச்சு செய்ததை அதே கணக்கில் போட்டு, விடை ஒத்துவந்தால் கதவு திறக்கும். இன்றைய விண்டோஸும் லினக்ஸும் இதே கொள்கையில்தான் நடக்கின்றன.

சர்வீஸ் கடையில் உங்கள் கடவுச்சொல் தெரியாமலே கணக்கைத் திறந்து கொடுக்கிறார்களே, எப்படி? கணக்கைத் திருப்பிப் போட்டுக் கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்க அவர்களாலும் முடியாது. மறையாக்கம் இல்லாத டிஸ்க்கில், சேமித்திருக்கும் விடையை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவிடுகிறார்கள். உள்ளே போய்விடலாம். ஆனால் பெரும்பாலான பிரவுசர்களில் சேமித்த கடவுச்சொற்களும், விண்டோஸின் இ.எஃப்.எஸ். வசதியால் பூட்டிய ஃபைல்களும் பழைய கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியால் பூட்டப்பட்டவை. அந்தப் பூட்டு இந்த மாற்றத்துக்கு மசியாது.

கடவுச்சொல் சரியாகவே தெரிந்தும் ஏற்காத சமயங்களில், முதலில் கீபோர்டைப் பாருங்கள். தமிழ்99 நிறுவிய கணினியில் நுழைவுத் திரை தமிழ் விசைப்பலகையோடு வந்திருந்தால், நீங்கள் அடிப்பது ஆங்கில எழுத்தாகப் போய்ச் சேராது, திரையிலோ வெறும் புள்ளிகள்தான் தெரியும். கீழ் வலது மூலையில் மொழிக் குறியீடு இருக்கும். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் உள்ள கண் பொத்தானை அழுத்திப் பிடித்தால் உண்மையில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அமெரிக்க, பிரிட்டிஷ் கீபோர்டு அமைப்புகளுக்கிடையே மின்னஞ்சலில் வரும் ‘அட்’ குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறியிருக்கும். புதிதாக நிறுவியபோது அமைப்பை மாற்றித் தேர்ந்தெடுத்திருந்தால், சரியான கடவுச்சொல்லும் தவறாகிப்போகும்.

பின் எண்ணை மட்டும் ஏற்கவில்லை என்றால் பதற வேண்டாம். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது, பெரும்பாலும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லோடு பிணைந்தது. மதர்போர்டு மாறினாலோ அந்தச் சில்லின் நினைவு அழிக்கப்பட்டாலோ பின் எண் செத்துவிடும். கணக்கின் கடவுச்சொல் அப்போதும் வேலை செய்யும்.

கடிகாரமும் குற்றவாளியாகலாம். மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் எடுத்து மாட்டும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். இணையத்தில் ஒவ்வொரு தளமும் காட்டும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கணக்கில் அந்தத் தொடக்க நாளே இன்னும் வந்திருக்காது. சான்றிதழை அது மறுக்கும், ஆன்லைன் கணக்கில் நுழைய முடியாது. பேட்டரியை மாற்றித் தேதியைச் சரிசெய்தால் முடிந்தது. இதற்கும் ஃபார்மட் அடித்தவர்கள் உண்டு. ஃபார்மட் அடித்த பிறகும் தேதி பின்னால்தான் நிற்கும்.

நுழைந்ததும் டெஸ்க்டாப் வெறிச்சோடிக் கிடந்தால், தற்காலிகப் புரொஃபைலில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் அமைப்புகள் அடங்கிய ஃபைலைப் படிக்க முடியாதபோது விண்டோஸ் ஒரு வெற்று டெஸ்க்டாப்பைத் தற்காலிகமாகக் கொடுக்கும். உங்கள் ஃபைல்கள் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரின் கீழ் அப்படியே இருக்கும். ஆனால் இந்தத் தற்காலிக டெஸ்க்டாப்பில் எதைச் சேமித்தாலும் வெளியேறியதும் போய்விடும். ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்படியும் சரியாகாவிட்டால் புதிய கணக்கொன்றைத் திறந்து ஃபைல்களை அதற்கு மாற்றிக்கொள்ளலாம்.

லினக்ஸில் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி நுழைவுத் திரைக்கே திரும்பும் சுழல் பிரசித்தம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் நுழைந்து பாருங்கள். அங்கே நுழைய முடிந்தால் கடவுச்சொல்லில் பிழையில்லை. டிஸ்க் முழுக்க நிரம்பியிருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். தற்காலிக ஃபைல் எழுத இடமில்லாமல் டெஸ்க்டாப்பால் எழ முடிவதில்லை.

48 இலக்கம்

ஆரம்பத்தில் சொன்ன மூன்றில் முதல் இரண்டு கோளாறுகளுக்கும் ஏதாவது வழி உண்டு. மூன்றாவதற்குச் சாவி ஒன்றுதான் வழி. விண்டோஸின் பிட்லாக்கர் வசதி மறையாக்கம் செய்த டிஸ்க்கின் சாவியை டி.பி.எம். சில்லு பூட்டி வைத்திருக்கும். கணினி தொடங்கும் விதம் வழக்கம்போல் இருந்தால் மட்டுமே அதை வெளியே விடும். ஃபெர்ம்வேரை அப்டேட் செய்தாலோ, செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ, டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலோ சில்லிடமிருந்து சாவி கிடைக்காது, கணினி மீட்புச் சாவியைக் கேட்கும்.

அந்தச் சாவி ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். நீங்கள் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால், அந்தத் தொகுதியிலேயே பிழை என்று கணினி சொல்லிவிட முடிவது இதனால்தான். 11-ஆல் வகுத்த பின் ஒவ்வொரு தொகுதியிலும் கிடைப்பது 16 பிட் எண். எட்டும் சேர்ந்தால் 128 பிட். ஊகித்துக் கண்டுபிடிக்க உலகில் எந்தக் கணினியாலும் முடியாத அளவு அது.

தங்கள் டிஸ்க் மறையாக்கம் ஆகியிருப்பதே பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் மறையாக்கம் தானாகவே தொடங்கிவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கிலேயே சேமிக்கப்படும். சாவி கேட்கும் நீலத் திரையில் சாவியின் அடையாளக் குறியும் இருக்கும். கணக்கில் பல சாவிகள் இருந்தால் எது பொருந்தும் என்று அதை வைத்துப் பாருங்கள். கடையில் நிறுவிக் கொடுத்தவர் தன் கணக்கில் நுழைந்து நிறுவியிருந்தால், உங்கள் டிஸ்க்கின் சாவி அவருடைய கணக்கில் இருக்கும்.

ஆகவே ஃபார்மட் அடிக்கும் முன் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். கணினி எந்தக் கட்டத்தில் நின்றது? டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் உட்பட எல்லா ஃபைல்களும் வேறு டிஸ்க்கில் இருக்கின்றனவா, அங்கே அவை திறக்கின்றனவா? டிஸ்க் மறையாக்கம் ஆகியிருக்கிறதா, சாவி யாரிடம்? ஆன்லைன் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா, அதை மீட்கக் கொடுத்த கைபேசி எண் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் அது தானாகத் திரும்பிவிடும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

மீட்புச் சாவியைப் பார்த்து எழுதி வைக்கக் கணினி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது கணக்கில் நுழைய இன்னொரு கருவி வேண்டும். செட்டிங்ஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடுங்கள். மறையாக்கம் ஆகியிருந்தால் 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதி, பத்திரங்களோடு வையுங்கள். அந்தக் கணினியிலேயே சேமித்து வைத்தால், தேவைப்படும் நாளில் அதுவும் பூட்டுக்குள் இருக்கும்.